வளிமண்டல முறிவும் மலைநாட்டு வானமும்

வலப்பனை மேடுகளில் நின்று வடதிசை நோக்குவோர்க்குத் துருவ வெள்ளி மிகத் தாழ்ந்தே தோன்றும். ஓரிடத்தின் அகலக்கோடு எத்துணைப் பாகையோ, அத்துணைப் பாகையே அங்கு வானத்தின் வடதுருவம் அடிவானுக்கு மேல் உயர்ந்திருக்கும். வலப்பனையில் அஃது ஏறத்தாழ 7 பாகை. அத்துருவத்தை ஒரு பாகைக்கும் குறைந்த தொலைவிற் சுற்றி வருவது துருவ வெள்ளி.

ஆயினும், நாம் காணுமிடத்தில் அவ்வெள்ளி இல்லை. மேலே ஐதாயும் கீழே செறிந்தும் உள்ள காற்றினூடு சரிந்து புகும் ஒளி, சிறிது சிறிதாக வளைகின்றது. கண் அவ்வளைவை அறியாது. ஒளி இறுதியாக வந்து சேர்ந்த திசையிலேயே மீனைக் காண்கின்றது. இதுவே வளிமண்டல முறிவு. உச்சிவானில் இதன் அளவு ஒன்றுமில்லை. அடிவானிலோ ஏறத்தாழ 34 கலை. ஞாயிற்றின் விட்டம் 32 கலையே ஆதலின், கடலைத் தொட்டு நிற்கும் மாலைஞாயிறு கணக்கின்படி முன்னரே மறைந்துவிட்டது!

வலப்பனையில் துருவ வெள்ளி இவ்வாறு ஏறத்தாழ 7 கலை உயர்ந்து தோன்றும். அதனைக் கழியாது அகலக்கோட்டைக் கணிப்பவன் தன் ஊரைப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் வடக்கே தள்ளிவிடுவான்.

இதனைத் தொலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே தம் ஒளியியல் நூலில் ஆராய்ந்தார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தைக்கோ பிராகே முறிவின் அளவுகளை அட்டவணையாக்கினார். ஆனால் ஞாயிற்றுக்கு ஓர் அட்டவணை, விண்மீன்களுக்கு வேறோர் அட்டவணை! ஒளி எங்கிருந்து வந்ததென வினவிக் காற்று வளைப்பதுண்டோ? ஞாயிற்றின் தொலைவை அவர் மிகக் குறைத்துக் கொண்டமையே இப்பிழைக்குக் காரணம். 1662இல் கசினி காற்றின் இயல்பினின்றே முறிவைக் கணித்தபின் இக்குழப்பம் நீங்கலாயிற்று.

முறிவின் பெருமை ஓங்கவே, விளங்காதவற்றிற்கெல்லாம் அதனையே காரணங்கூறும் வழக்கமும் தோன்றியது. சிவனொளிபாத மலையின் நிழல் விடியற்காலையில் நிலத்திற் கிடவாது, காண்போர் எதிரே கூம்பாய் எழுந்து நிற்பதுண்டு. தாழ்நிலத்து வெப்பக் காற்றும் உச்சியின் குளிர்காற்றும் ஒளியை வளைத்துக் கானல் போலக் காட்டுகின்றன என ஆபே என்பார் 1876இல் எழுதினார். விளக்கம் அழகியதே. ஆயின் றால்ப் அபர்குறொம்பி 1886இல் அம்மலையுச்சியில் நின்று நேரிற் கண்டது வேறு. பள்ளத்தினின்று மூடுபனி எழுந்தபோது நிழல் அதன்மேல் விழுந்து எழுந்து நின்றது. பனி விலகியதும் மீண்டும் நிலத்திற் படிந்தது.