அயல்நாட்டு அச்சும் நம்மவர் குரலும்



எங்கள் வானூருக்கு வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்கள் உள்ளன. பாத்தி கட்டும் முறை எவ்வூரில் கற்றதாயினும், அதில் விளையும் உப்பு அவ்விடத்து நீருக்கும் வெயிலுக்கும் ஏற்றதாகவே அமையும். அயல்நாட்டிலிருந்து வந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் இயல்பும் அத்தகையதே.

1999-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் 'பிக் பிரதர்' என்னும் நிகழ்ச்சி தோன்றியது. ஒருவரையொருவர் அறியாத சிலரை ஒரு வீட்டில் அடைத்து, இரவும் பகலும் கேமராக்களால் கண்காணித்து, மக்களின் வாக்கினால் ஒவ்வொருவராக வெளியேற்றுவது அதன் முறை. ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட புதினத்தில், எல்லாரையும் கண்காணிக்கும் ஆட்சித் தலைவனுக்குரிய பெயரே இதற்கு இடப்பட்டது.

இந்த அச்சு பல நாடுகளுக்குச் சென்றது. 2004-இல் பஹ்ரைனில் அரபு மொழிப் பதிப்பைத் தொடங்கியோர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் அமைத்தனர். ஆயினும் எதிர்ப்பு எழவே, அது சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. 2006-இல் இந்தியிலும், 2017-இல் தமிழிலும் 'பிக் பாஸ்' என்னும் பெயரோடு வந்தது. தமிழில் முதலில் தொகுத்தளித்தவர் நடிகர் கமல்ஹாசன்.

இங்கு வந்தபின் அது பெற்ற உருவத்தை நோக்குங்கள். முன்பின் அறியாதவர் சில நாள்களில் 'அண்ணா' என்றும் 'அக்கா' என்றும் முறை வைத்து அழைக்கலாயினர். வார இறுதியில் தொகுப்பாளர் வழக்குகளை விசாரித்தார். 'குறும்படம்' என்ற பெயரில் பழைய காட்சிகள் சான்றாகக் காட்டப்பட்டன. ஊர்ப் பஞ்சாயத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

இவை மகிழ்ச்சி தரும் சாயல்கள். ஆனால் கண்ணாடி நம் முகத்து மருவையும் காட்டுமன்றோ? அந்த முதற் பருவத்திலேயே, ஒருவருடைய நடத்தையை இழித்துரைக்கச் 'சேரி' என்னும் சொல் பயன்படுத்தப்பட்டது. கண்டனங்கள் எழுந்தன, எழுந்தது முறையே. அச்சு நெதர்லாந்துடையது, அந்த இழிவோ நம்முடையது.

அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது கேளுங்கள். சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு காதை உண்டு. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர், அந்தணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலம். அதன் பன்னிரண்டு பிரிவுகளும் கல்வெட்டில் 'சேரி' என்றே குறிக்கப்பெறுகின்றன. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். எங்களுக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியின் பெயரை நாள்தோறும் கூசாமல் சொல்லுகின்றோம். பின் எப்படி அது வசையாயிற்று? ஊர் ஒருபுறமும் சேரி ஒருபுறமுமாக மனிதரைப் பிரித்து வைத்த சாதிக் கொடுமையே நல்ல சொல்லையும் வசையாக்கிற்று.

ஆகவே, பிற நாட்டாரின் பதிப்புகளையும் நம்முடையதையும் ஒப்பிடும்போது, நாம் அதில் சேர்த்தவை யாவை என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு முன் ஒருவர் வாய் தவறிச் சொன்னது, கேமரா இல்லாத நம் வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் ஒலிக்கின்றதா என்று செவி கொடுத்துக் கேளுங்கள். ஒலித்தால், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். அதற்கு எவருடைய வாக்கும் வேண்டியதில்லை.