அப்பாவின் மூன்றாவது கியர்

என் தகப்பனார் 17 வருஷம் ஒரு சைக்கிளின் மூன்றாவது கியரிலேயே காலம் தள்ளினார் என்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். போன மாதம் வரையில் நானும் சிரித்திருப்பேன். ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து 1957-ல் அப்பா அந்தச் சைக்கிளை வாங்கினார். பின் சக்கரத்து ஹப்பில் ‘ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ.’ என்று பொறித்து, பக்கத்தில் 54 என்று போட்டிருக்கும். அது பிறந்த வருஷம் அது. கைப்பிடியில் ஒரு சின்ன விசை. அதிலிருந்து ஹப்புக்கு ஒரு கம்பி. மூன்று கியர்! தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்றாம்.

இரண்டு வருஷத்தில் கம்பி அறுந்தது. கடைக்காரர், “இது எதுக்கு சார் வீணா? நம்ம ஊருக்கு ஒரு கியர் போதும்” என்று மிச்சத்தையும் வெட்டி எறிந்துவிட்டார். எதையும் மறுத்துப் பேசத் தெரியாத அப்பா, சரி என்று வந்துவிட்டார்.

பிற்பாடு, ஆற்றுப் பாலத்து ஏற்றம் வந்தால் அவர் இறங்கித் தள்ளுவார். நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட எங்களைத் தாண்டி மிதித்துப் போவார்கள். காரியரில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போகும். “நீங்க மட்டும் ஏம்ப்பா இறங்கறீங்க?” என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். “மூச்சு வாங்கறதுடா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இனிச் சரித்திரத்துக்கு வருகிறேன். ஆதியில் சைக்கிளுக்குச் செயின் கிடையாது. ஆளுயர முன்சக்கரத்திலேயே பெடல் இருக்கும். சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். ஆனால் காலுக்கு எட்ட வேண்டுமே! 1885-ல் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயின் பூட்டிய ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். பற்களின் எண்ணிக்கையை மாற்றினால், சின்னச் சக்கரமே பெரிய சக்கரத்தின் வேலையைச் செய்தது. ஆனாலும் பழைய கணக்கை இங்கிலீஷ்காரர்கள் விடவில்லை. முன் பற்களைப் பின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கி, ‘இத்தனை அங்குல கியர்’ என்றார்கள். இல்லாத ஒரு பெரிய சக்கரத்தின் அளவு அது.

ஒரே கியர் சமவெளிக்குச் சரி, மேட்டுக்கு? சால்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ரைலி என்பவர், ஹப்புக்குள்ளேயே ஒளிந்து வேலை செய்யும் மூன்று கியரைக் கண்டுபிடித்தார். ஆனால் இனிமேல் கண்டுபிடிப்பதெல்லாம் தங்களுக்கே என்று முன்பே ஒரு கம்பெனி அவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தது. அதனால் அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஆர்ச்சரின் பெயரில் பேடன்ட் எடுத்தார்கள். நாட்டிங்காமில் ராலே கம்பெனியை நடத்திய ஃபிராங்க் பௌடன் அதை வாங்கிக்கொண்டார். சொந்தமாக ஒரு மூன்று கியர் அமைப்பைக் கொண்டுவந்த பத்திரிகாசிரியர் ஹென்றி ஸ்டர்மியின் பெயரும் சேர்ந்துகொண்டது. இப்படியாக, பிள்ளையைப் பெற்றவர் பெயர் மட்டும் ஹப்பின் மேல் இல்லாமல் போயிற்று!

கியர் என்பது பலவீனனுக்கு என்ற எண்ணமும் அந்தக் காலத்தில் இருந்தது. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்ச், ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை நெடுங்காலம் உள்ளே விடவில்லை. 1937-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1936-ல், ஆபீஸ் போகிறவர்களுக்கு ஏ.டபிள்யூ. ஹப் வந்துவிட்டது.

அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன சூரிய மண்டலம். நடுவே நகராத சூரியச் சக்கரத்துக்கு 20 பல். சுற்றிவரும் கிரகச் சக்கரங்கள். வெளியே 60 பல் வளையம். முதல் கியர் முக்கால் பங்கு, இரண்டாவது நேர் பங்கு, மூன்றாவது ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். இதில் ஒரு முக்கியமான சங்கதி உண்டு. கம்பியை இழுத்துப் பிடித்தால்தான் முதல் கியர். கம்பி தளர்ந்தாலோ அறுந்தாலோ, ஹப் தானாக மூன்றாவதுக்குப் போய் அங்கேயே நின்றுவிடும்.

சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கிப் பற்களை எண்ணினேன். முன்னே 48, பின்னே 18, சக்கரம் 28 அங்குலம். நேர் கியர் கிட்டத்தட்ட 75 அங்குலம். முதல் கியர் 56. மூன்றாவது ஏறக்குறைய 100! பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 26 அடி போகவேண்டும். பக்கத்தில் போனவர்களின் சைக்கிளெல்லாம் சுமார் 70 அங்குலம். அப்பா என்னையும் சுமந்துகொண்டு 17 வருஷம் 100 அங்குலத்தை மிதித்திருக்கிறார். நானோ அவருக்குத் தெம்பு போதாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முழங்கால்களுக்கு இப்போது எந்தப் பல்சக்கரம் ஏற்றது? 20 பல் போட்டால் 50, 67, 90. 22 போட்டால் 46, 61, 81. 24 போட்டால் 42, 56, 75. கடைசியையே தேர்ந்தெடுத்தேன். பழைய முதல் கியர் இப்போது நடுக் கியராகிறது. பழைய நடுக் கியர் கடைசிக் கியராகிறது. அது மட்டுமல்ல, என்றைக்காவது கம்பி அறுந்தாலும் 75-க்கு மேல் போகாது. செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டியிருந்தது. புதுக் கம்பியும் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாலத்துக்குப் போனேன். அப்பா இறங்குகிற இடத்தில் விசையை இழுத்தேன். ஹப் ‘டிக்’கென்றது. மெதுவாகத்தான் ஏறினேன், ஆனால் இறங்கவில்லை.

வாசகர் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு சைக்கிள் கிடக்கலாம். பின் சக்கரத்துப் பற்களை ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள்.