கொடை வேண்டாம், கடன் சரி: சுனாமியும் இந்தியா வாங்கிய, கொடுத்த உதவிகளும்



இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கொஞ்சம் கனமானது. ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு மக்களுக்கு நிவாரணத்துக்காகவும் மனித உரிமைப் பணிகளுக்காகவும் பணம் கொடுக்கிறதே, அந்தப் பணம் எப்படிப் போகிறது, எப்படி வருகிறது, யார் வேண்டாம் என்று சொல்கிறார்கள்? இதற்கு ஐ.நா. சபை வரை போக வேண்டியதில்லை. நம் கடற்கரையிலேயே ஒரு கதை இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இறந்தவர்கள் சுமார் 600 பேர். அதில் பெரும்பாலோர் எங்கள் காரைக்கால் பகுதிக் கடற்கரைக்காரர்கள். என் வயதுக்காரர்களுக்கு அது நினைவு அல்ல, வீட்டில் கேட்டு வளர்ந்த செய்தி.

அந்த வாரத்தில் டெல்லி இரண்டு முடிவுகள் எடுத்தது. ஒன்று, வெளிநாட்டு அரசுகள் தர முன்வந்த உதவியை இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னது. நிலைமையை நாமே சமாளித்துக்கொள்ள முடியும், தேவைப்பட்டால் கேட்கிறோம் என்றார் பிரதமர் மன்மோகன் சிங். இரண்டு, தன் கரையில் பிணங்கள் ஒதுங்கிக்கொண்டிருந்தபோதே பக்கத்து நாடுகளுக்கு உதவி அனுப்பியது. இலங்கைக்கு 'ஆபரேஷன் ரெயின்போ', மாலத்தீவுக்கு 'ஆபரேஷன் காஸ்டர்', இந்தோனேசியாவுக்கு 'ஆபரேஷன் கம்பீர்' என்று கடற்படைக் கப்பல்கள் போயின. இலங்கைக்கு 100 கோடி ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது.

தனக்கே அடி விழுந்திருக்கும்போது ஒரு நாடு ஏன் இப்படிச் செய்தது? கொஞ்சம் பின்னால் போனால்தான் புரியும்.

கோதுமைக் கப்பல் காலம்

1950களிலும் 60களிலும் இந்தியா உதவி வாங்கிய நாடு. அமெரிக்காவின் பி.எல்.480 சட்டம் 1954இல் வந்தது. அதன்கீழ் 1956இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. கோதுமை இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அது விற்பனைதான், ஆனால் டாலருக்குப் பதில் ரூபாயில் விலை கொடுக்கலாம். அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் சேர்ந்துகொண்டே போனது.

1965, 66 வறட்சியில் நிலைமை முற்றியது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி ஆனது. அப்போது அமெரிக்க அதிபர் ஜான்சன் நீண்ட கால ஒப்பந்தத்தை நிறுத்தி, கப்பல் கப்பலாகப் பார்த்துப் பார்த்து அனுமதி கொடுத்தார். இந்தியா விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா கண்டித்தது இன்னொரு காரணம். அடுத்த கப்பல் வருமா வராதா என்று ஒரு நாடே கரையில் நின்று பார்த்த காலம் அது.

அந்த ரூபாய்க் கணக்கு 1974இல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் கொடுத்தார். வணிகவியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'உதவி' என்று பெயர் இருந்தாலும் பேரேட்டில் அது கடனாகவே உட்கார்ந்திருந்தது, தள்ளுபடி செய்யும்வரை!

அதே காலத்தில் இந்தியா கொடுத்தும் வந்தது. பிற நாட்டவருக்குப் பயிற்சி தரும் ஐடெக் திட்டம் 1964இல் தொடங்கியது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடி அகதிகள் வந்தபோது, அந்தச் செலவுக்காக நவம்பர் முதல் தபால்களில் கூடுதலாக 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. 1973 வரை இது நடந்தது. கடிதம் போட்ட ஒவ்வொரு சாதாரண மனிதரும் அகதிக்குப் பணம் கொடுத்திருக்கிறார்.

2003: கை மாறிய ஆண்டு

2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம் வரைக்கும் இந்தியா வெளிநாட்டு அரசுகளின் உதவியை ஏற்றுக்கொண்டது. மாற்றம் 2003இல் வந்தது. அந்த ஆண்டு பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங், சிறிய அளவில் உதவி தரும் நாடுகளிடமிருந்து இனி அரசு நேரடியாக வாங்காது, அவர்கள் விரும்பினால் தொண்டு நிறுவனங்களுக்கும் ஐ.நா. அமைப்புகளுக்கும் தரலாம் என்ற கருத்தில் அறிவித்தார். சில நாடுகளின் பழைய கடன்கள் முன்கூட்டியே அடைக்கப்பட்டன.

ஆக 2004 டிசம்பரில் சொன்ன 'வேண்டாம்' திடீரென்று வந்தது அல்ல. வாங்கும் வரிசையிலிருந்து கொடுக்கும் வரிசைக்குப் போகிறோம் என்று உலகத்துக்குக் காட்டும் நேரமாக அது அமைந்துவிட்டது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நான்கும் சேர்ந்து சுனாமி நிவாரணத்துக்கு ஒரு குழு அமைத்தன. பின்னாளில் 'குவாட்' என்று பேசப்பட்டதன் விதை அதுதான். 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவைத் தாக்கியபோது இந்தியா 50 லட்சம் டாலர் கொடுத்தது. கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த நாடு 40 ஆண்டுகளில் அதே நாட்டுக்கு நிவாரணம் கொடுக்கிறது என்றால் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்கு?

இங்கேதான் எனக்குக் கேள்வி வருகிறது.

வெளிநாட்டு அரசுகளின் கொடையை வேண்டாம் என்ற அரசு, சில மாதங்களில் கடன் வாங்கியது. 2005 மே மாதம் உலக வங்கி 46.5 கோடி டாலர் ஒப்புதல் அளித்தது. இது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான சுனாமி மறுகட்டுமானத் திட்டம். அதற்கு முந்தைய மாதம் ஆசிய வளர்ச்சி வங்கி 20 கோடி டாலர் கொடுத்தது. இதில் பாதி மானியம், பாதி கடன். இது தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும்.

எங்கள் கீழவாஞ்சூர் காரைக்காலின் தென்கோடி. ஊரைத் தாண்டினால் நாகூர், அதாவது தமிழ்நாடு. ஒரே கடல், ஒரே அலை. ஆனால் எல்லைக்குத் தெற்கே இருப்பவருக்கு இரண்டு வங்கிகளின் திட்டம், வடக்கே இருப்பவருக்கு ஒன்று. தெற்கே வந்ததில் ஒரு பகுதி மானியம், வடக்கே வந்தது கடன். யாரும் வேண்டுமென்று செய்த அநியாயம் இல்லை இது. உதவிப் பணம் அலை போன வழியில் வராது, ஒப்பந்தத்தில் எழுதிய வழியில்தான் வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அரசு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. உலக வங்கியிலும் ஆசிய வளர்ச்சி வங்கியிலும் இந்தியா பங்குதாரர். அங்கே வாங்குவது உறுப்பினரின் உரிமை, இன்னொரு நாட்டின் தயவு அல்ல. உலக வங்கியின் இந்த வகைக் கடனுக்கு வட்டி இல்லை, சிறு சேவைக் கட்டணம் மட்டும். அடைக்க முப்பது ஆண்டுக்கு மேல் அவகாசம். ஒரு நாட்டின் கொடையோடு வரும் அரசியலைவிட இது மேல் என்று டெல்லி நினைத்தால் ஜான்சன் காலத்தை அனுபவித்தவர்கள் அதைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள்.

உதவியோடு அரசியலும் வரும் என்பது இந்தியாவுக்குக் கொடுப்பவர் பக்கத்திலிருந்தும் தெரியும். 1987 ஜூன் 3ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு யாழ்ப்பாணத்துக்குப் போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் பாதுகாப்போடு போய் யாழ்ப்பாணத்தின் மேல் உணவு மூட்டைகளைப் போட்டன. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். பசித்தவனுக்குச் சோறுதான். ஆனால் கொழும்புக்கு அது எச்சரிக்கை. அடுத்த மாதமே இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்ததும் பாடம்தான். வந்த நிதியை வடக்கு கிழக்கில் எப்படிப் பகிர்வது என்று அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இல் ஒரு பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் செய்தார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. பணம் கொடுக்க உலகமே தயார், ஆனால் யார் கையில் கொடுப்பது என்பதில் எல்லாம் நின்றது.

மறுத்தால் ஈடு செய்ய வேண்டும்

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம். ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி ரூபாய் தர முன்வந்ததாக முதல்வர் பினராயி விஜயன் சொன்னார். தொகை எதுவும் முடிவாகவில்லை என்றார் அமீரகத் தூதர். வெளியுறவு அமைச்சகம் பழைய கொள்கையைச் சுட்டிக்காட்டி, உள்நாட்டு முயற்சியிலேயே சமாளிப்போம் என்றது. இத்தனைக்கும் 2016இல் வெளியான தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்ன சொல்கிறது? நாமாகக் கேட்க மாட்டோம், ஆனால் ஒரு நாடு தானாக நல்லெண்ணத்தில் தந்தால் ஏற்கலாம் என்கிறது. எழுத்தில் ஒன்று, நடப்பில் ஒன்று.

மூன்று மாதத்தில் நம் டெல்டாவின் முறை வந்தது. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. தென்னை வைத்திருந்தவர்களின் ஒரு தலைமுறை உழைப்பு ஒரே இரவில் சாய்ந்தது. தமிழக அரசு சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கூடுதல் நிதி 1,146 கோடி ரூபாய். மாநிலங்கள் கூட்டிக் கேட்பது வழக்கம் என்பார்கள். இருக்கலாம். பேரிடர் நிதி என்பது நிவாரணம்தான், இழப்பீடு அல்ல என்றும் விதி சொல்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நாமே பார்த்துக்கொள்வோம்' என்று உலகத்திடம் சொன்ன வார்த்தைக்கும் தென்னந்தோப்புக்காரர் கையில் வந்த தொகைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது?

அரசு அல்லாத வழியும் குறுகிவிட்டது. சுனாமிக்குப் பிறகு நாகை, காரைக்கால் கரையில் வெளிநாட்டுப் பணத்தில் வேலை செய்த தொண்டு நிறுவனங்கள் ஏராளம். குறைகளும் இருந்தன. கொடுப்பவருக்குப் படகு கொடுக்கப் பிடித்தது, அதனால் தேவைக்கு மேல் படகுகள் வந்தன. நிலமில்லாத கூலிகளும் தலித் குடும்பங்களும் மீன் விற்கும் பெண்களும் பட்டியலில் பின்னுக்குப் போனார்கள். அதே நேரம் அந்த ஓரவஞ்சனையை எழுதிப் பதிவு செய்ததும், விடுபட்டவர்களுக்காகக் கேட்டதும் இப்படிப்பட்ட நிறுவனங்களில் சிலதான். மனித உரிமைத் திட்டம் என்பது நம் கரையில் அப்படித்தான் இருந்தது, பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது. 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒரு நிறுவனம் பெற்ற பணத்தை இன்னொன்றுக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பெரிய நிறுவனத்தை நம்பியிருந்த கிராமத்துச் சிறு அமைப்புகளுக்குத்தான் இது அதிகம் உறைத்தது.

ஒரு முரணையும் பாருங்கள். ஜனநாயகத்தையும் உரிமைகளையும் வளர்க்க உலகெங்கும் தொண்டு அமைப்புகளுக்குப் பணம் தரும் ஐ.நா. ஜனநாயக நிதியம் 2005இல் தொடங்கியபோது இந்தியா ஒரு கோடி டாலர் கொடுத்தது. வெளியே உள்ள அமைப்புகளுக்கு நாம் கொடுக்கலாம், உள்ளே உள்ளவர்களுக்கு வெளியிலிருந்து வந்தால் மட்டும் சந்தேகம்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையில் இந்தக் கொள்கையும் வளைந்தது. 40க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆக்சிஜன் கருவிகளும் மருந்தும் வந்தன, வாங்கினோம். மூச்சுத் திணறும்போது பெருமை பார்க்க முடியாது. அது சரியான முடிவு. அப்படியானால் 2018இல் தென்னையும் வீடும் போனவர்களுக்கு ஏன் அந்த வழி இல்லை என்று கேட்கவும் உரிமை இருக்கிறது.

கொடுப்பதிலும் மாநிலங்களுக்குத் தனி வழி இல்லை. 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள் அனுப்பத் தமிழக அரசு முன்வந்தது. அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று ஏப்ரல் 29இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. அதே ஆண்டு இந்தியா இலங்கைக்குக் கொடுத்த சுமார் 400 கோடி டாலரில் பெரும்பகுதி கடன் வசதிதான். தமிழ்நாட்டு அரிசி கொடை. பத்திரிகைத் தலைப்பில் இரண்டுக்கும் 'உதவி' என்றே பெயர்.

என் முடிவு இதுதான். வெளிநாட்டுக் கொடையை மறுக்கும் உரிமை ஒரு அரசுக்கு உண்டு. பழைய வரலாற்றைப் பார்த்தால் அதற்கு நல்ல காரணமும் உண்டு. ஆனால் மறுப்பது டெல்லி, இழப்பது கடற்கரை என்று இருக்கக் கூடாது. எப்போது ஏற்போம், எப்போது மறுப்போம் என்ற விதியை எழுதியபடி நடக்க வேண்டும். மறுத்தால், அதனால் விழும் துண்டை எந்தக் கணக்கிலிருந்து ஈடு செய்கிறோம் என்று நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும். வந்த பணம் கொடையா கடனா என்பதும், எந்த ஊருக்கு எவ்வளவு என்பதும் பாதிக்கப்பட்டவர்கள் படிக்கும் மொழியில் வெளியாக வேண்டும்.

வங்கக் கடலில் வருடா வருடம் புயல் சின்னம் உருவாகிறது. அடுத்தது கரை கடப்பதற்கு முன்பே இதையெல்லாம் கேட்டு வைப்பது நல்லது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?