முகவரியை மாற்றச் சொல்வது யார்? ஒக்கி புயலை முன்வைத்து டிஎன்எஸ் ஃபெயில்ஓவர் குறித்து ஓர் ஆய்வு

2017 நவம்பர் 29 அன்று தென்மேற்கு வங்கக்கடலில் உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் காலைக்குள் ஒக்கி புயலாக வலுப்பெற்றுக் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து சென்றது. வாழையும் ரப்பரும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்ததில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, தொலைத்தொடர்பும் முடங்கியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி எனக் கடற்கரை ஊர்களில், கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சொல் கிடைக்காதா என்று குடும்பங்கள் காத்துக்கிடந்தன. அப்படி ஒரு துண்டிப்பு மறுபடி வந்தால், இம்மாவட்டத்தில் சர்வர் வைத்து நடத்தும் கல்லூரியோ மருத்துவமனையோ கூட்டுறவுச் சங்கமோ தன் டிஎன்எஸ் பதிவுகளை எப்படி அமைத்திருக்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி. தானியங்கி ஃபெயில்ஓவர் (முதன்மைச் சர்வர் விழுந்தால் பெயரின் முகவரியைத் தானாக மாற்றுச் சர்வருக்குத் திருப்புவது) போட்டுவிட்டால் போதும் என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் ஒரு மணி நேர மின்தடைக்குச் சரி, மாவட்டமே துண்டுபடும் நாளுக்குத் தவறு என்பது என் வாதம்.

டிஎன்எஸ் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்தார். இன்றும் அடிப்படையாக நிற்கும் ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய இணையத் தர ஆவணங்கள் 1987-இல் வந்தன. அதில் பெயரைக் கேட்டால் முகவரி கிடைக்கும், அவ்வளவுதான். அந்த முகவரியில் உள்ள இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை அந்த வடிவமைப்பில் இல்லை. அது பின்னால் ஒட்டவைக்கப்பட்டது. 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2136, பதிவுகளை வெளியிலிருந்து உடனுக்குடன் திருத்த வழிசெய்தது. ஒரு கண்காணிப்பு நிரலை வைத்து பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் முகவரியை மாற்றுபவர்கள் இன்றும் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பவர்டிஎன்எஸ் என்ற இன்னொரு மென்பொருள் 2019-இல் தன் 4.2 பதிப்பில் லுவா நிரல் கொண்ட பதிவுகளைச் சேர்த்த பிறகு, சோதனையும் தீர்ப்பும் சர்வருக்குள்ளேயே வந்துவிட்டன.

நாகர்கோவிலில் உள்ள ஒரு கல்லூரியின் முதன்மைச் சர்வர் 192.0.2.10, சென்னையில் அதன் மாற்றுச் சர்வர் 198.51.100.10 என்று வைத்துக்கொள்வோம். (இரண்டும் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள்.) 5 வினாடிக்கு ஒருமுறை சோதனை, தொடர்ந்து 3 முறை பதில் இல்லையென்றால் மாற்றம், டிடிஎல் (பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும் காலம்) 60 வினாடி. கணக்குப்படி 75 வினாடியில் எல்லாரும் சென்னைக்குப் போய்விட வேண்டும். நடப்பில் போகமாட்டார்கள். பயனர் சார்பில் முகவரியைக் கேட்டுத்தரும் ரிசால்வர்களில் சில, மிகக் குறைந்த டிடிஎல்லை மதிப்பதில்லை. சில செயலிகள் ஒருமுறை கிடைத்த முகவரியை மூடும்வரை விடுவதில்லை. டிடிஎல்லை 30 ஆக்கு, 10 ஆக்கு என்ற அறிவுரை கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர, இந்தப் பிடிவாதத்தைக் குறைக்காது.

எதைச் சோதிப்பது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். 443-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது, மேல்மடையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக் கடைமடை வயலும் நனைந்துவிட்டதாக எழுதிக்கொள்வதுதான். போர்ட் திறந்தே இருக்கும். உள்ளே தரவுத்தளம் படுத்திருக்கும். ஒரு பக்கத்தையே வரவழைத்து, அதில் எதிர்பார்த்த சொல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வேண்டும். பவர்டிஎன்எஸ்ஸில் அந்த வசதி உண்டு. இரண்டு முகவரியும் செத்துவிட்டதாகச் சோதனை சொன்னாலும், பவர்டிஎன்எஸ் வெறுங்கையோடு அனுப்பாமல் ஏதாவது ஒரு முகவரியைத் தந்துவிடும். முதலில் பார்த்தால் விசித்திரம், யோசித்தால் நியாயம்: ‘முகவரி இல்லை’ என்ற பதிலையும் ரிசால்வர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை 1998-இன் ஆர்எஃப்சி 2308 வரையறுத்திருக்கிறது. சோதனை பொய்த்த இரண்டு நிமிடம், பயனருக்கு இருபது நிமிடமாக நீண்டுவிடக்கூடும்.

இனி இடம். முகவரியைத் தரும் டிஎன்எஸ் சர்வரே நாகர்கோவிலில் அதே கட்டடத்தில் இருந்தால், மின்சாரம் போன நேரத்தில் தீர்ப்புச் சொல்ல ஆளே இல்லை. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பதிவுகளை வைத்திருக்கும் டிஎன்எஸ் சர்வர்களை எட்ட முடியாதபோது காலாவதியான பதிலையே தரலாம் என்று 2020-இன் ஆர்எஃப்சி 8767 ரிசால்வர்களுக்கு இடம் தந்திருக்கிறது. அதாவது, டிஎன்எஸ்ஸும் சேர்ந்து விழுந்தால், செத்துப்போன நாகர்கோவில் முகவரியையே அத்தகைய ரிசால்வர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். துணை டிஎன்எஸ் சர்வர்களை நில அளவிலும் வலையமைப்பு அளவிலும் தள்ளித்தள்ளி வை என்று ஆர்எஃப்சி 2182 1997-லேயே சொன்னது. எஸ்ஓஏ பதிவின் காலாவதி எண்ணையும் கவனிக்க வேண்டும். பதிவுகள் திருத்தப்படும் மூல டிஎன்எஸ் சர்வருடன் தொடர்பு அற்று அந்தக் கால அளவு கடந்ததும் துணைச் சர்வர் பதில் சொல்வதையே நிறுத்திவிடும். ஆர்எஃப்சி 1912 பரிந்துரைப்பது 2 முதல் 4 வாரம். யாரோ எங்கிருந்தோ நகலெடுத்து 86400 வினாடி (ஒரு நாள்) என்று போட்டுவைத்திருந்தால், சென்னையில் பத்திரமாக இருக்கும் துணைச் சர்வர் புயலின் இரண்டாம் நாள் தானாக வாய்மூடிக்கொள்ளும். எனவே மூல டிஎன்எஸ் சர்வரே மாவட்டத்துக்கு வெளியே இருப்பது நல்லது.

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருக்கிறோமே என்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கட்டும். வடக்கே மலை, தெற்கே கடல். தரைவழி வெளியேற ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருநெல்வேலி, களியக்காவிளை வழியே திருவனந்தபுரம், கிழக்குக் கடற்கரையோரமாகக் கூடங்குளம் பக்கம் என்று சில வாசல்களே உண்டு. இரண்டு நிறுவனங்களின் கண்ணாடியிழையும் ஒரே சாலையோரம் போனால், பில் இரண்டு, பாதை ஒன்று. உங்கள் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று ஒப்பந்தம் போடும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இதெல்லாம் செய்தபின்னும் நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு, கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ 6 மணி நேரம் மறைந்துபோனதில் இதற்கும் பங்கு உண்டு. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அதன் முதுகெலும்பு வலையமைப்பு அறுந்தது. தரவு மையங்களை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், ‘நாம்தான் பழுதாகிவிட்டோம்’ என்று முடிவுகட்டித் தம் வழித்தட அறிவிப்புகளைத் தாமே திரும்பப் பெற்றன. சர்வர்கள் நன்றாகவே ஓடின. சோதனை விதியே அவற்றை உலகின் கண்ணிலிருந்து மறைத்தது.

ஒக்கி போன்ற ஒரு நாளில் கதை எதிர்ப்பக்கமாக நடக்கும். ஜெனரேட்டரில் நாகர்கோவில் சர்வர் ஓடுகிறது; வெளிக் கேபிள்கள் மட்டும் அறுந்திருக்கின்றன. சென்னையிலிருந்து பார்க்கும் சோதனையாளர் அதை இறந்ததாக அறிவித்து முகவரியை மாற்றுகிறார். வெளியூர்க்காரருக்கு அது சரியான பதில். வளாகத்துக்குள் இருப்பவருக்கோ அந்தப் பதில் வந்தே சேராது; வந்தாலும், பக்கத்து அறைச் சர்வருக்குப் போக வேண்டியவரை எட்டவே முடியாத சென்னைக்குத்தான் அது அனுப்பும். ஒரே பெயருக்கு ஒரே உண்மை என்று வைத்துக்கொண்ட அமைப்பு இங்கே எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிழைதான். ஆகவே இரண்டு பதில்கள் வேண்டும். வெளியுலகுக்கு, மாவட்டத்துக்கு வெளியே குறைந்தது மூன்று இடங்களிலிருந்து சோதித்துப் பெரும்பான்மைப்படி மாறும் பதில். உள்ளே, வளாக ரிசால்வரில் அந்தப் பெயர்ப் பதிவுகளின் தனி நகலை வைத்து, எப்போதும் நாகர்கோவில் முகவரியையே தரும் பதில். பைண்ட்டில் இதை வியூ என்பார்கள். அன்பவுண்ட் ரிசால்வரிலும் இதற்கு வழி இருக்கிறது. கைபேசி நிறுவனத்தின் ரிசால்வரை நம்பியிருப்பவருக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ரிசால்வரை எட்ட முடியாதபோது அவருக்கு எந்தப் பெயருமே முகவரியாக மாறாது.

தரவு எழுதப்படும் இடங்களில் நான் இன்னும் கண்டிப்பானவன். அறிவிப்புப் பக்கம், தேர்வு அட்டவணை, தொலைபேசி எண்கள் போன்றவை தானாக மாறட்டும். கட்டணம் வாங்கும் பக்கமும் நோயாளிப் பதிவும் தானாக மாறக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிவு ஏற்றுக்கொண்டால், கேபிள் ஒட்டிய பிறகு எது சரி என்று கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அங்கே ஒரு மனிதர் போனை எடுத்துப் பேசித் தீர்மானிக்கட்டும். திரும்பி வருவதும் அப்படித்தான்: ஆடிக் காற்றில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் ஊரில், சர்வர் எழுந்த மறுவினாடியே முகவரியைத் திருப்பினால் பயனர்கள் இங்கும் அங்கும் அலைவார்கள். 20 நிமிடமாவது நிலையாக ஓடியபின் திருப்புவது போதுமான எச்சரிக்கை.

ஒரே முகவரியைப் பல இடங்களிலிருந்து அறிவிக்கும் எனிகாஸ்ட் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அதற்குச் சொந்தமாக ஒரு தன்னாட்சி வலையமைப்பு எண்ணும், பொதுவாகக் குறைந்தது 256 ஐபிவி4 முகவரிகள் கொண்ட தொகுதியும், அதைக் கவனிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். நம் மாவட்டத்தின் சிறு நிறுவனங்களுக்கு அது அளவுக்கு மீறிய செலவு.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வர் அறையில் ஒருவரும் வெளியூரில் ஒருவருமாக நின்று, இரண்டு நிறுவனங்களின் கேபிளையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே நிற்பவருக்கு நாகர்கோவில் முகவரியும் வெளியே நிற்பவருக்குச் சென்னை முகவரியும் கிடைக்கவில்லையென்றால், புயல் வரும்வரை காத்திராமல் அந்த வாரமே திருத்துங்கள்.