மூன்று இராசாக்கள் திருநாள் – நம் பங்கின் நினைவில்

நூற்றாண்டு விழா மலரைத் தொகுக்க விழாக் குழு கூடியபோது, ஆலயம் எழுந்த வரலாற்றையும், பணியாற்றிய குருக்களின் வரிசையையும், பள்ளிக்கூடத்தின் வளர்ச்சியையும் பிறர் எழுத ஏற்றுக்கொண்டனர். எங்களுக்குத் திருநாட்களின் வரலாறு ஒப்படைக்கப்பட்டது. பாதுகாவலர் திருநாளைப் பற்றியும் கிறிஸ்து பிறப்பு விழாவைப் பற்றியும் அறியாதார் இல்லை. ஆகவே, குடிலைப் பிரிக்கும் நாளாக மட்டுமே இன்று பலர் நினைவில் தங்கிவிட்ட ஒரு திருநாளை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதுவே நம் முன்னோர் 'மூன்று இராசாக்கள் திருநாள்' என்று அன்போடு அழைத்த ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா.

திருநாளின் தொன்மை

திருச்சபையின் மிகப் பழமையான விழாக்களில் இதுவும் ஒன்று. கீழைத் திருச்சபையில் தோன்றிய இவ்விழா, நான்காம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபைக்கும் வந்தது. கீழைநாட்டார் இந்நாளில் ஆண்டவர் யோர்தானில் திருமுழுக்குப் பெற்றதைச் சிறப்பாக நினைவுகூர, உரோமைத் திருச்சபை ஞானிகளின் வருகையை முதன்மையாகக் கொண்டாடியது. கிரேக்க மொழியில் இவ்விழாவின் பெயருக்கு 'வெளிப்படுதல்' என்பது பொருள்.

நற்செய்தியாளர் மத்தேயு அவர்களை அரசர் என்று சொல்லவில்லை. மூவர் என்றும் எண்ணிச் சொல்லவில்லை. கீழ்த்திசையிலிருந்து வந்த ஞானிகள் என்றே எழுதுகிறார். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால், கொண்டுவந்தவரும் மூவர் என்று கிறிஸ்தவ மரபு கொண்டது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பிற்கால மரபு தந்தவையே. அவர்களுடையவை என்று போற்றப்படும் திருப்பண்டங்கள் 1164 ஆம் ஆண்டில் மிலான் நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இன்றளவும் அங்குள்ள பேராலயத்தில் வணங்கப்படுகின்றன. நம் நாட்டில் கோவாவின் மாண்டவி ஆற்றங்கரையில் பிரான்சிஸ்கு சபையார் 1555 இல் கட்டிய ஆலயம் இவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே சிறுவர் மூவர் இராசா வேடம் தரித்து வருவது புகழ்பெற்ற வழக்கம்.

பழைய நாட்களில்

நம் பங்கிலும் அவ்வாறே நடந்தது. எங்களில் மூத்தவர், பத்து வயதில், தம் அத்தையின் பட்டுச் சேலையை மேலங்கியாகச் சுற்றிக்கொண்டு, தகரத்தில் வெட்டிய முடியுடன் பல்தசார் இராசாவாக நின்றவர். அக்காலத்தில் எந்தக் கிழமையானாலும் சனவரி 6 ஆம் நாளே திருநாள். மார்கழிப் பனி விலகுமுன் மணி அடிக்கும். கிறிஸ்து பிறப்பு இரவில் குடிலின் தொலைவில், சன்னல் மாடத்தில் வைக்கப்பட்ட இராசாக்களின் சுரூபங்களை உபதேசியார் நாள்தோறும் ஒரு சாண் முன்னே நகர்த்தி வருவார். இன்று எந்தத் தூணருகே வந்துவிட்டார்கள் என்று பார்ப்பதற்காகவே சிறுவர்கள் கோயிலுக்கு ஓடுவார்களாம். திருநாளன்றுதான் மூவரும் குடிலுக்குள் நுழைவார்கள்.

பூசை இலத்தீனில் நடக்கும். மக்களுக்கு அதில் விளங்கியது சிறிதே. ஆயினும் செபமாலையும் பாட்டும் குறைவின்றி இருந்தன. மாலையில் குழந்தை சேசுவின் சுரூபத்தைச் சிறிய சப்பரத்தில் வைத்து, முன்னே மூன்று இராசாக்கள் நடக்க, பவனி புறப்படும்.

பிடி அரிசியும் பாலர் உண்டியலும்

இத்திருநாளில் வெறுங்கையோடு வருவார் இல்லை. அறுவடை தொடங்கிய வீடுகளிலிருந்து புது நெல்லும், மற்ற வீடுகளிலிருந்து அடுப்பேற்றும்போதெல்லாம் எடுத்துவைத்த பிடி அரிசியும் வரும். பிள்ளைகள் தம் காசை உண்டியலில் இடுவர். இந்த உண்டியலின் வரலாறு நாம் அறியவேண்டியது.

1843 இல் பிரான்சு நாட்டு நான்சி நகரின் ஆயர் சார்ல்ஸ் டி ஃபோர்பின் ஜான்சன், சீன நாட்டில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தம் நாட்டுப் பிள்ளைகளிடம் ஓர் உதவி கேட்டார். நாளுக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபமும், மாதத்திற்கு ஒரு சிறு செப்புக் காசும் போதும் என்றார். இவ்வாறு பிறந்ததே திருப்பாலத்துவ சபை. 1922 இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் இதனைப் பாப்பிறைச் சபையாக உயர்த்தினார். பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 இல் இச்சபைக்கென ஒரு நாளை ஏற்படுத்தினார். திருக்காட்சி விழாவே அதற்குப் பொருத்தமானதாகக் கொள்ளப்பட்டது. முகமறியாத தொலைநாட்டுப் பிள்ளைகளின் காசு நம் நாட்டு அனாதைப் பிள்ளைகளுக்கும் சோறாகவும் துணியாகவும் வந்ததுண்டு. இன்று நம் பிள்ளைகளின் காசு நாம் காணாத நாடுகளுக்குச் செல்கிறது. வாங்கிய கை கொடுக்கும் கையாயிற்று. இதை எண்ணி நாம் நன்றி கூறவேண்டும்.

பவனி போகாத தெரு

பெருமைகளை மட்டும் எழுதினால் இது வரலாறு ஆகாது. எனவே, மூத்தோர் சிலர் தயங்கியபோதும், பங்குப் பேரவையின் ஒப்புதலோடு இதையும் எழுதுகிறோம்.

அந்தச் சப்பரம் நம் ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் போகவில்லை. வாய்க்கால் பாலம்வரை போய், அங்கே திரும்பிவிடும். வாய்க்காலுக்கு அப்பால் குடியிருந்தவர்களும் நம்மைப் போலவே திருமுழுக்குப் பெற்றவர்கள்தாம். அவர்களும் பிடி அரிசி கொண்டுவந்தவர்கள்தாம். ஆனால் கோயிலுக்குள் அவர்களுக்கென்று தனியிடம் இருந்தது. இராசா வேடம் அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்ததில்லை. திருநாள் மாலையில் அவர்கள் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டு அக்கரையில் நிற்பார்கள்; சப்பரம் திரும்புமட்டும் முழங்காலில் இருந்து வணங்கிவிட்டு வீடு செல்வார்கள். இதை யாரும் அன்று குற்றமாக எண்ணவில்லை என்பதே இன்று எங்கள் நெஞ்சைச் சுடுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் பூசை தமிழில் வந்தது. 1969 இல் திருவழிபாட்டு நாட்காட்டி சீரமைக்கப்பட்டபின், நம் நாட்டில் இவ்விழா சனவரி 2 முதல் 8 வரையுள்ள ஞாயிறுக்கு மாறியது. வாசகங்களும் மாறின. முன்பு நற்செய்திக்கு முன் எசாயாவின் வாசகம் மட்டுமே இருந்தது. இப்போது அதனுடன் சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகமும் சேர்ந்தது. பிற இனத்தாரும் உடன் உரிமையாளர், ஒரே உடலின் உறுப்பினர் என்று அதில் அப்போஸ்தலர் கூறுவதை நம் மக்கள் முதன்முறையாகத் தம் தாய்மொழியில், அத்திருநாளிலேயே கேட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஓராண்டு, அவ்வாசகத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்த அக்கரைப் பெரியவர் ஒருவர் பங்குச் சாமியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாமி, இதில் சொன்ன உடன் உரிமை வாய்க்காலோடு நின்றுவிடுமா?" சாமியார் அன்று பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுத் திருநாளுக்கு முன் ஊர்ப் பெரியவர்களை மூன்று முறை கூட்டினார். வாக்குவாதம் நடந்தது. சப்பரம் தூக்கமாட்டோம் என்று சிலர் விலகினார்கள்; சில குடும்பங்கள் அந்த ஆண்டு கதவைச் சாத்திக்கொண்டன. முடிவில் இரு கரை இளைஞரும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். மூன்று இராசாக்களில் ஒருவன் அக்கரைச் சிறுவன். சப்பரம் பாலத்தைக் கடந்தது. அந்த இரவு அங்கே ஒவ்வொரு வாசலிலும் கோலமும் விளக்கும் இருந்தன என்று, உடன் நடந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

நிறைவாக

மீட்பர் எங்கே பிறப்பார் என்பதை எருசலேமின் மறைநூல் அறிஞர் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் பெத்லகேமுக்கு நடந்து சென்றதாக நற்செய்தியில் இல்லை. தொலைவிலிருந்தவர்களே வந்தார்கள். மறையை அறிந்திருந்தும் வாய்க்கால் கரையோடு நின்ற நமக்கு அது ஒரு பாடம்.

இன்று கோயிலுக்குள் தனியிடம் இல்லை. பவனியும் எல்லாத் தெருக்களுக்கும் செல்கிறது. எனினும், பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும், விருந்துக்கு அழைப்பதிலும் அந்த வாய்க்கால் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். நூற்றாண்டு விழாவுக்கு வண்ண விளக்குகள் போடும் நாம், இதையும் ஆண்டவர் திருமுன் வைப்போம்.

குழந்தையைக் கண்டு வணங்கிய ஞானிகள் வந்த வழியே திரும்பாமல், வேறு வழியாய்த் தம் நாடு சென்றார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். நம் சப்பரமும் ஒரு நாள் வேறு வழியில் சென்றது. அதைத் தொடர்ந்து நடக்கும் அருளை நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் குழந்தை இயேசு அளிப்பாராக!