கை கழுவியதன் பயனை அளத்தல்: வியன்னா அட்டவணைகளின் மறுவாசிப்பு

1847 ஏப்ரலில் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் 312 பிரசவங்கள். 57 தாய்மார் இறந்தார்கள். மே நடுவில் அங்கு பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் குளோரின் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஜூனில் 268 பிரசவங்களுக்கு 6 இறப்புகள். 18.3 விழுக்காடு 2.2 ஆயிற்று. கை கழுவுவதன் பெருமையைச் சொல்ல வருபவர்கள் இவ்விரு எண்களையே எடுத்துக்காட்டுவது வழக்கம். கை கழுவுதல் உயிர் காக்கும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் இவ்விரண்டு எண்களை மட்டும் வைத்து அதை நிறுவிவிட முடியாது.

காரணம் அதே அட்டவணையில் இருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரியில், குளோரின் வருவதற்கு முன்பே, 312 பிரசவங்களுக்கு 6 தாய்மார்தான் இறந்தனர். விகிதத்தில் அது ஜூனைவிடக் குறைவு. அப்போது மாணவர் எண்ணிக்கை குறைக்கப்பட்டிருந்ததைச் செம்மல்வெய்ஸ் காரணமாகக் காட்டினார். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மிகக் கொடிய மாதமொன்றை அடுத்து, எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், எண் தணியவே வாய்ப்பு அதிகம். ஏப்ரலைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால் எந்த மருந்தும் வென்றதாகத் தோன்றும்.

உண்மையான சான்று அடுத்த பிரிவிலேயே இருந்தது. முதல் பிரிவில் பிணஅறுவை அறையிலிருந்து வரும் மருத்துவர்களும் மாணவர்களும். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதை வந்த நாள் தீர்மானித்தது. கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கியது போன்ற பகுப்பு அது. முழுமையான குலுக்கல் என்று சொல்லிவிட முடியாது: அது எந்தப் பிரிவின் நாள் என்று அறிந்த பெண்கள் முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள், சிலர் தெருவிலேயே பெற்றெடுத்தார்கள். 1846இல் முதல் பிரிவில் 4010 பிரசவங்களுக்கு 459 இறப்புகள் (11.4 விழுக்காடு), இரண்டாம் பிரிவில் 3754க்கு 105 (2.8). 1848இல் முதல் பிரிவில் 3556க்கு 45 (1.3), இரண்டாம் பிரிவில் 3219க்கு 43 (அதுவும் 1.3). இரண்டாம் பிரிவிலும் விகிதம் ஒன்றரைப் புள்ளி இறங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சரிவின் காரணம் எதுவாயினும், முதல் பிரிவின் பத்துப் புள்ளி வீழ்ச்சியிலிருந்து அதைக் கழித்தாக வேண்டும். கழித்தபின் எஞ்சுவது 8.7. இதுவே நேர்மையான கணக்கு. மேலும், நோய் முற்றியவர்களைப் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிட்டதால் பல இறப்புகள் முதல் பிரிவின் ஏட்டில் ஏறவே இல்லை. ஆகவே மெய்யான இடைவெளி இன்னும் பெரியதாக இருந்திருக்கும்.

எண்ணைச் செம்மல்வெய்ஸ் கையாண்ட விதத்துக்கு 1847 அக்டோபர் சாட்சி. கருப்பைப் புற்றுநோயுள்ள பெண்ணொருத்தி முதல் கட்டிலில் படுத்திருந்தாள். அவளைச் சோதித்த கைகளே வரிசையாக மற்றவர்களையும் சோதித்தன. அவளோடு சேர்ந்து பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். வார்டுக்குள் நுழையும்போது மட்டும் கழுவுவது போதாது, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கழுவ வேண்டும் என்று அதிலிருந்து விதியை மாற்றினார். எண் ஏறியபோது அதை மறைக்கவில்லை. எந்தக் கட்டிலில் ஏறியது என்று தேடினார்.

இன்றைய மருத்துவமனைகள் பெரும்பாலும் அளப்பது கழுவவேண்டிய தருணங்களில் எத்தனையில் கழுவினார்கள் என்ற விழுக்காட்டை. ஜெனீவா மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வில் (2000இல் வெளியானது) 1994க்கும் 1997க்கும் இடையே அது 48இலிருந்து 66ஆக உயர, மருத்துவமனைத் தொற்று 16.9இலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது. அரிய உழைப்பு, ஆனால் ஒப்பிட வேறு மருத்துவமனை அதில் இல்லை, பிற தடுப்பு நடவடிக்கைகளும் கூடவே நடந்தன. 2014இல் டொராண்டோ ஆய்வொன்று, கண்காணிப்பவர் கண்ணில் படும்போது கை கழுவும் திரவத்தின் பயன்பாடு ஏறத்தாழ மும்மடங்காவதைக் காட்டியது. அப்படியானால் அந்த விழுக்காட்டில் பெரும்பகுதி, பார்ப்பவரின் நிழலாக இருக்கலாம்.

எனவே வார்டின் ஏட்டில் கழுவிய விழுக்காட்டுக்குப் பக்கத்தில் நோயாளி-நாட்களும் (நோயாளிகள் தங்கிய மொத்த நாட்கள்) தொற்றுகளும் ஏற வேண்டும். வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர்களும் கணக்கில் நிற்க வேண்டும். புதிய நடைமுறை இன்னும் தொடங்காத பக்கத்து வார்டின் எண்களும் அதே பக்கத்தில், அதே மாதங்களுக்கு எழுதப்பட வேண்டும்.