சோழியில் கணித்த கிரகணம்

பழைய சீனக் கணக்கர்கள் மூங்கில் குச்சிகளை அடுக்கிக் கணக்குப் போட்டது பலருக்கும் தெரிந்திருக்கும். நம்ம பக்கத்தில் குச்சிக்குப் பதில் சோழி!

புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், சோழிகளைத் தரையில் வைத்தே 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அட்டவணையெல்லாம் மனப்பாடம். பார்த்து எழுதி வைத்தவர், முன்பு சென்னை வானாய்வகப் பொறுப்பில் இருந்த ஜான் வாரன். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம்தான் பிசகு. அந்தக் கணக்கருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்றும் வாரன் சொல்கிறார். அது குறையா என்ன? காமர்ஸ் படிக்கும் நாங்களும் வட்டி அட்டவணையைப் பார்த்துத்தான் கணக்கை முடிக்கிறோம். அதை யார் எப்படிப் போட்டார் என்று கேட்பதில்லை.

சரி, சூட்சுமம் என்ன? நிலாவின் வேகம் தினமும் மாறும். ஆனால் சுமார் 248 நாளில் அந்த மாற்றம் ஒன்பது சுற்று முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 சிறு வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் நிலா நிற்குமிடம் வந்துவிடும். மீதி கூட்டல் கழித்தல்தான். இதே 248 பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. 1952-ல் நாய்கபவர் என்ற அறிஞர் 'தமிழ் வானியல்' என்று ஒரு கட்டுரையே எழுதினார்.

இந்த வாக்கிய முறையில் வந்ததுதான் எங்கள் காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கம். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் டிசம்பர் 20. அடுத்ததைத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது. குழப்பம் கிளம்பவே, வாக்கியப்படி 2026-ல்தான் என்று கோயில் அறிவிக்க வேண்டி வந்தது.

ஏன் இவ்வளவு இடைவெளி? கிரகணம் பிசகினால் ஊரே பார்த்துவிடும். சனி ராசி மாறுவதற்கு வானத்தில் கோடா போட்டிருக்கிறது? அது ஒரு சுற்று வரவே 29 வருஷத்துக்கு மேல். சின்னப் பிசகு நூற்றாண்டுகளில் கூட்டு வட்டி மாதிரி ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

சனி இன்று எங்கே என்று கேட்டால் திருக்கணிதம்தான் சரி; எனக்கு அதில் சந்தேகமில்லை. விழா எப்போது என்பது வேறு கேள்வி, அது கோயில் வழக்கம். நளதீர்த்தக் கரையில் கடை போடுபவர் சரக்கு எடுப்பதும் வாக்கியத் தேதிக்குத்தான்.